பிரசிடெண்ட் ஜமீலா போய்விட்டாள்

ஜமீலா இறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை கிளாஸில் தலைவலி என்று மேஜையில் சாய்ந்தவள்தான்... மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரியில் கண்ணே திறக்கவில்லையாம். இருபத்திரண்டு வயது.

நான் ஷார்ஜாவில் ஒரு யூனிவர்சிட்டி பஸ் ஓட்டுவது இங்கே பலருக்குத் தெரியும். நாலு வருஷமாக முவைலா ஸ்டாப்பில் என் பஸ்ஸில் ஏறியவள் ஜமீலா. தான்சானியாவிலிருந்து படிக்க வந்த கறுப்பினப் பெண்.

முதல் வருஷம் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அவள் பக்கத்து சீட் காலியாகவே போகும். கண்ணாடியில் பார்ப்பேன்... பஸ்ஸை எடுத்துவிடுவேன்.

அதே பெண் மூன்றாம் வருஷம் ஸ்டூடண்ட் கவுன்சில் பிரசிடெண்ட் பதவிக்கு நின்றாள். டிரைவர்கள் நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டாள்.

"எங்களுக்கு ஓட்டு மாஃபி, கிடையாது" என்று சிரித்தேன்.

"தெரியும் பாய். நான் ஜெயிச்சா உங்களுக்கு என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க." உடைந்த ஹிந்தியில்தான் கேட்டாள்.

மத்தியான வெயிலுக்கு ஒதுங்க ஒரு இடம் வேண்டும் என்றோம். ஜெயித்தாள். ஒரு மாதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். ஜிம் பக்கத்தில் சும்மா கிடந்த ரூம், ஏசியோடு எங்களுக்கு வந்தது.

"பிள்ளை சொன்னதைச் செய்து போட்டுது" என்றார் எங்களோடு பஸ் ஓட்டும் யாழ்ப்பாணத்து சிவா அண்ணன்.

அவள் ஆராய்ச்சி செய்தது இந்தக் கடற்கரையின் பழைய மேளப் பாட்டுகளை. முன்னொரு காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் பாடியவை.

ஒரு லீவு நாளில் அவளையும் இரண்டு தோழிகளையும் புஜைராவுக்குக் கூட்டிப்போனேன். ஒரு பெரியவர் மேளம் தட்டிப் பாடினார். அதில் ஒரு வரிக்கு அவருக்கே அர்த்தம் தெரியாது. அப்பா பாடினார், நானும் பாடுகிறேன் என்றார்.

ஜமீலா ரெக்கார்டரை நிறுத்திவிட்டாள். அந்த வரி அவள் வீட்டில் பேசும் சுவாஹிலி.

'நான் உயிரோடு இருக்கேன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க' என்று அர்த்தமாம். அவரிடம் அரபியில் சொன்னாள். எங்களுக்கு ஹிந்தியில் சொன்னாள்.

பெரியவர் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி பாடினார்... மெதுவாக.

திரும்பி வரும் வழியெல்லாம் ஊரில் தான் கட்டப்போகும் மியூசியம் பற்றியே பேச்சு. "அங்கே பார்க்க ஒண்ணும் இருக்காது பாய். கேட்க மட்டும்தான்." அதற்கான மேல்படிப்புக்கு அட்மிஷன்கூடக் கிடைத்திருந்தது.

சவுதியில் தம்மாமில் நர்ஸாக இருக்கும் அவளுடைய அக்கா வந்து, நேற்று உடலை ஊருக்குக் கொண்டுபோனாள். ஸ்டூடண்ட்ஸை ஏர்போர்ட்டுக்கு நான்தான் ஏற்றிப்போனேன். மூன்று டிரிப்.

உங்கள் பாஷையில் துக்கத்துக்கு என்ன சொல்வார்கள் என்று அவள் ஊர்த் தோழியிடம் கேட்டேன். "போலே" என்றாள்.

போய்ச் சொன்னேன்.

அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் செல்வம் பாயா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன்.

போய் வாம்மா ஜமீலா...