வலது என்று சொல்லி இடது

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் தங்கச்சியின் மகள் தர்ஷி வந்தாள். சலங்கைப் பையைக் கதிரையில் போட்டாள். கண்ணைத் துடைத்தாள்.

“எல்லாம் போச்சு மாமா. இடது காலில தொடங்கிட்டன்.”

நடனப் பட்டதாரி. பள்ளிக்கூடத்தில் நடன ஆசிரியையாக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எதையும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கான நேர்முகத் தேர்வு அன்றைக்குத்தான், புளியந்தீவில். ஆடியும் காட்ட வேண்டும்.

சின்ன வயதில் மண்டூரிலிருந்து அக்கரைக்கு, நடன வகுப்புக்கு, அவளைக் கூட்டிப்போனவன் நான். வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்களூரில் ‘பாதை’ என்று பேர். ஏறியதுமே மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவில் நின்று காலைத் தட்டத் தொடங்குவாள். தெய்யா தெய்...

“இஞ்ச புள்ள, நீ ஆடினா பாதையும் ஆடும். மறுகா எல்லாரும் தண்ணிக்குள்ளதான் சலங்க கட்டணும்” என்பார் பாதைக்காரர்.

“அப்ப நீங்க தாளம் போடுங்க அண்ணன்!”

அந்தப் பாதைக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. திரும்பாமலே திரும்பி வரும். போகும்போது வலக்கைப் பக்கம் மின்னிய தண்ணீர், வரும்போது இடக்கைப் பக்கம் மின்னும்.

சரி, கதைக்கு வருவோம். முதலில் ஆடச் சொன்னது தட்டடவு — பரதத்தின் அரிச்சுவடி. வலது காலில் தொடங்க வேண்டும். இதில் ஒரு பட்டதாரி பிழை விடுவாளா?

விட்டிருக்கிறாள். எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த மிஸ் கேட்டாராம்: “எந்தக் காலில தொடங்கினீங்க?”

“வலது, மிஸ்.” கொஞ்சமும் சந்தேகமில்லாத குரல்.

பக்கத்திலிருந்த அதிகாரி மேசைக்கு மேலால் எட்டி இவள் காலைப் பார்த்தாராம்.

நடந்தது இதுதான். வேலைக்குக் காத்திருக்கும் இந்த வருடங்களில், பின்னேரமானால் கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நடனம் பழக்குகிறாள். அவர்களைப் பார்த்தபடி, கண்ணாடி மாதிரி நிற்பாள். வாய் ‘வலது’ என்னும். கால் இடதைத் தூக்கும். அப்போதுதான் எதிரே நிற்கிற சின்னதுகள் சரியாக வலதைத் தூக்கும். முன்னால் முகங்கள் தெரிந்தால் போதும், கால் தானாகவே மாறிவிடுகிறது. அன்றைக்கு முன்னால் இருந்தவர்கள் பெரிய பெரிய ஆட்கள் என்று காலுக்கு யார் சொல்வது?

“அதச் சொல்லவேண்டியதுதானே புள்ள?”

“வெக்கமாக் கிடந்திச்சு மாமா. டான்ஸ் படிச்சவளுக்கு வலது இடது தெரியாதாம் எண்டு சிரிப்பாங்களே...”

“மறுகா?”

“மறுகா அந்த மிஸ் எழும்பி வந்தா. எனக்கு நேர முன்னால நிண்டு, ‘வலது எண்டா இது, பிள்ள’ எண்டு காலத் தூக்கிக் காட்டினா...”

இந்த இடத்தில் அழுகையை விட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

“இடது கால், மாமா!”

அதிகாரிதான் கண்டுபிடித்தாராம். “மிஸ்... உங்கடயும் இடதுதான்.”

மிஸ் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார். “எத்தின வருஷமாப் பழக்குறீங்க?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் போய் உட்கார்ந்துகொண்டு, “எங்களுக்கு முதுகக் காட்டி ஆடுங்க” என்றார்.

சுவரைப் பார்த்து ஆடியிருக்கிறாள். வலது காலில்தான் தொடங்கினாளாம்.

கற்கும்வரை எல்லோருக்கும் ஒரே திசை. கற்பிக்க நினைக்கிறவர்தான் திரும்பி நிற்க வேண்டியிருக்கிறது. அதன்பின் எது யாருடைய வலது?

முடிவு இன்னும் வரவில்லை. மிஸ் சிரித்தாரா என்று கேட்டேன், கவனிக்கவில்லையாம். வேலை கிடைக்கலாம்... கிடைக்காமலும் போகலாம். நேற்றுப் பின்னேரம் கோயில் பக்கம் போனபோது, “வலது!” என்று கத்தியபடி இடது காலைத் தூக்கிக்கொண்டிருந்தாள். சின்னதுகள் எல்லாம் வலதைத் தூக்கின.

வேலை கொடுப்பதா இல்லையா என்று அவர்கள் யோசிக்கட்டும். வேலை நடந்துகொண்டிருக்கிறது.