ஏரிக்குள் எங்கள் வீடு

செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களில் ஏரிகளின் எல்லையைக் குறிப்பது என் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறேன். ஒரே ஏரியை வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்கள் வரும். அப்போது தண்ணீர் எதுவரை நின்றது, இப்போது எதுவரை நிற்கிறது என்று மடிக்கணினியில் கோடு இழுத்து அனுப்ப வேண்டும். எந்த ஊர் ஏரி என்று சொல்ல மாட்டார்கள். நானும் கேட்டதில்லை.

பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்கு இருந்துவிட்டு, காஞ்சிபுரத்துக்கு வெளியே சொந்தமாகக் கட்டிக் குடிவந்தோம். காற்று உண்டு, வெளிச்சம் உண்டு. பகலில் பேசத்தான் ஆள் இல்லை. பக்கத்து மனையை என் தங்கை வாங்கப்போகிறாள் என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரம்தான் அந்தப் படம் வந்தது. வளைந்த கரை, அதன் கோடியில் கல்யாண மண்டபத்தின் நீலக் கூரை. மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போதெல்லாம் நான் பார்க்கிற கூரை. அதன் பின்னால் எள்ளளவு வெள்ளைப் புள்ளியாக எங்கள் வீடு. பழைய படங்களைத் திறந்தேன். மங்கலாக இருந்தாலும் சந்தேகத்துக்கு இடமில்லை. மண்டபம், தெரு, தங்கை வாங்கப்போகும் மனை, நான் உட்கார்ந்திருக்கும் இந்த அறை, எல்லாமே தண்ணீர். கோடு போட்டேன். கோணிக்கொண்டு போனது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

கணவர் வந்ததும் காட்டினேன். பார்த்துவிட்டு, "யார்கிட்டயும் வாயத் தொறக்காதமா. நாளைக்கு நாம விக்கணும்னா எவன் வாங்குவான்?" என்றார்.

"அவ என் தங்கச்சிங்க."

"வரட்டுமே. உனக்கும் தொணையாச்சு."

அவர் கெட்டவரல்ல. பயந்துபோயிருந்தார். நானும்தான்.

மறுநாள் தங்கை போன் செய்தாள். "அக்கா, நடுச்சுவர்ல ஒரு கதவு வெச்சுக்கலாமா? செருப்புகூட போடாம வந்துடுவேன்." அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நேரில் வரச்சொல்லிப் படத்தைக் காட்டினேன்.

"இது உன் வீடாக்கா?"

"ஆமா. அதுக்குப் பக்கத்துலதான் உன் மனை."

"போன மழைக்கு?"

"வாசப்படி வரைக்கும் வந்துது. மேல ஏறல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சுக்கினே நீ எப்டிக்கா இங்க இருப்பே?"

"வேற எங்கடி போறது?"

அவள் வாங்கவில்லை. கணவர் சில நாட்கள் என்னோடு பேசாமல் சாப்பிட்டுப் போனார். பிறகு ஒரு இளம் தம்பதி மனையைப் பார்க்க வந்தார்கள். கணவர் உள்ளே இருக்கும்போதே மதிலோரம் போய், "மழக்காலத்துல ஒரு தடவ வந்து பாத்துட்டு வாங்குங்கமா. இது முன்ன ஏரி இருந்த இடம்" என்றேன்.

அந்தப் பெண் சிரித்தாள். "நீங்களே இருக்கீங்களேக்கா!"

மனையை வாங்கிவிட்டார்கள். போன மாதம் அவர்கள் அஸ்திவாரம் தோண்டினார்கள். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. மோட்டார் வைத்து இறைத்துவிட்டுக் கல் இறக்கினார்கள்.