விட்டுவைத்த தண்ணீர்

கூட இருந்தே குழி பறிப்பது என்று சொல்வார்களே, அதை வெகுநாள் ஒரு பேச்சுக்குச் சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தை எடுத்துத் தின்றுகொண்டே ஒருவர் பறிப்பார் என்று கண்டேனா?

வேலை இதுதான். கள்ளக்குறிச்சியில் எங்களுடையது ஒரு சின்ன ஆய்வுக் குழு. கல்வராயன் மலையில் எந்த ஊருக்கு எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று கணினியில் மாதிரி போட்டுப் பார்த்து, எங்கே குழாய் போடலாம், எங்கே தடுப்பணை கட்டலாம் என்று யோசனை சொல்ல வேண்டும். கணினிக்கு மழை தெரியும், சரிவு தெரியும், பாறை தெரியும். ஊர் தெரியாது. எந்த ஓடை எப்போது வற்றும், எந்தக் கிணற்றில் யார் இறைப்பார்கள், எதை ஏன் தொடமாட்டார்கள் என்பதையெல்லாம் மக்களிடம் கேட்டு, வகை பிரித்து, ஒன்றோடு ஒன்றைக் கோத்து, கணினிக்குப் புரிகிற மாதிரி அடுக்க வேண்டும். நாலெட்ஜ் பேஸ் என்பது அதன் பெரிய பெயர். நாங்கள் கிடங்கு என்போம். கேட்டு அடுக்குவது நான். அதை வைத்து மாதிரியை ஓட்டுவது அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர். என்னைவிட மூத்தவர், அதிர்ந்து பேசாதவர், மேடம் என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அலுவலகத்தில் எனக்கு இருந்த ஒரே நண்பர்.

வெள்ளிமலையைத் தாண்டி, ஜீப் பாதை முடிகிற இடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் ஒரு சிற்றூர். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பங்கள். அங்கே ஓர் அக்கா, பெண்கள் குழுவுக்குத் தலைவி. வாய் கொஞ்சம் நீளம். முதல் தடவை போனபோதே, "இன்னா பாப்பா, தண்ணிய எழுதி வச்சிக்கினா தாகம் அடங்கிடுமா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

நானும் விடவில்லை. "எழுதாம வுட்டா மட்டும் அடங்கிடுதா அக்கா?" என்றேன். அன்றைக்கு ஒட்டிக்கொண்டோம்.

பலமுறை போய் வந்த பிறகுதான் சுனையைப் பற்றி வாயைத் திறந்தார். ஊருக்கு மேலே ஒரு சுனை. மாசி பிறந்ததும் அதற்குப் போகிற வழியில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிடுவார்கள். குடம் முக்கக் கூடாது, ஓஸ் போடக் கூடாது, மாட்டைக்கூட அண்டவிடக் கூடாது. மழை இறங்கி, சாமிக்குப் பொங்கல் வைத்த பிறகுதான் முள்ளை எடுப்பார்கள். அதுவரை சுனை நிறைந்து வழிந்து, மண்ணுக்குள் இறங்கி, ஊருக்குக் கீழே இருக்கிற இரண்டு கிணறுகளில் ஊறிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் மொத்த ஊருக்கும் குடிக்க அந்தக் கிணறுகள்தான். வேறு போக்கு கிடையாது.

"வெளி ஆளுங்களுக்கு இத்த நாங்க சொல்றதில்ல. தண்ணி சும்மாத்தான கெடக்குதுன்னு எடுத்துக்கினு போயிருவாங்க. நீ எழுதறதா இருந்தா, சும்மா கெடக்குதுன்னு எழுதாத. வுட்டு வச்சிருக்கோம்னு எழுது," என்றார் அக்கா.

"சத்தியமா அக்கா," என்றேன்.

அலுவலகம் வந்து பார்த்தால், கிடங்கில் நீர் ஆதாரத்துக்கு இரண்டே வகை: உபயோகத்தில் இருப்பது, உபயோகத்தில் இல்லாதது. தொடாமல் இருப்பதே ஓர் உபயோகம் என்று சொல்ல இடமே இல்லை. அதை வடிவமைத்த புண்ணியவான்களுக்குத் தண்ணீர் என்றால் குழாயைத் திருகினால் வருவது, அவ்வளவுதான். மூன்றாவதாக ஒரு வகை வேண்டும், அதற்கு 'விட்டுவைப்பது' என்று பெயர் வைக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றேன். அவர் சிரித்தார். "சரி மேடம், உங்களுக்காக," என்று என் கண் முன்னாலேயே சேர்த்தார். சுனையில் கை வைத்தால் கீழ்க் கிணறுகளில் ஊற்றுக் குறையும் என்று விதியையும் அவரே எழுதினார். உடனே ஓட்டிப் பார்த்தோம். சுனையில் தண்ணீர் எடுத்ததாகக் காட்டியதும் திரையில் இரண்டு கிணறுகளும் சிவந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையில் அவருக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மறுபடி மறுபடி சால்னா கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

அப்புறம் அந்தக் கூட்டம். அதிகாரிகள் இருந்தார்கள். எங்கள் குழுத் தலைவர் இருந்தார். மலையில் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்த ஒருவரும் இருந்தார். இவருக்கு இங்கே என்ன வேலை என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் வரைபடம் வந்தது. சுனை இருக்கிற இடத்தில் ஒரு நீலப் புள்ளி. பக்கத்தில் 'மிகை நீர்' என்று எழுதியிருந்தது. அதிலிருந்து ஒரு கோடு நேராக விடுதியின் தொட்டிக்குப் போனது. கீழ்க் கிணறுகள் இரண்டும் பச்சைப் பசேல் என்று இருந்தன. ஓரத்தில், தகவலை உறுதிசெய்தவர் என்று என் பெயர்.

எழுந்துவிட்டேன். "சார், அது மிகை இல்லை. ஊரே விட்டுவச்சிருக்கிற தண்ணி சார் அது."

"மலைக்குப் போனது நீங்கதானேம்மா? உங்க பேர்தானே போட்டிருக்கு?" என்றார் கூட்டத்தை நடத்திய அதிகாரி.

என் நண்பரைத் திரும்பிப் பார்த்தேன். லேப்டாப்பில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்திருந்தார். 'மேடம் சொல்றது சரி' என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நான் நின்றபடியே இருக்க, பேச்சு அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் மடக்கிக் கேட்டேன். கொஞ்சம்கூடப் பதறவில்லை.

"அந்த மூணாவது வகைய வச்சா மலையில எங்கயுமே மிகைன்னு ஒண்ணு வரமாட்டேங்குது மேடம். மேல காட்டறதுக்கு ஏதாவது வேணும்ல? உபயோகத்துல இல்லாததோட சேர்த்துட்டேன். சின்ன அட்ஜஸ்ட்மென்ட்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சொன்னா கத்துவீங்கன்னு தெரியும்."

அடப்பாவி! இவ்வளவு நேரம் அவர், இவர் என்று எழுதிவிட்டேன். இனி கை வராது. தெரியாத்தனமாகச் செய்தவன் இல்லை அவன். கிணறுகள் சிவந்ததை என்னோடு உட்கார்ந்து பார்த்தவன். விதியை எழுதிய அதே கையால் அதை எடுத்துப் போட்டவன். விவரம் புரியாதவன் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். எல்லாம் புரிந்தவன் செய்ததுதான் இன்றைக்கும் வயிற்றில் எரிகிறது. அதிலும் என் பெயரைப் போட்டு!

நானே திருத்திவிடுகிறேன் என்று கிடங்கைத் திறந்தேன். பார்க்க மட்டுமே அனுமதி என்றது. குழுத் தலைவரிடம் போய் நின்றேன். "அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம்மா," என்றார். கணினியில் அடுத்த பதிப்பு வரும், தோண்டிப் புதைத்த குழாய்க்கு வருமா? மனு எழுதினேன், ஆள் ஆளாகப் பார்த்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதோடு சரி. நல்ல சேதியாகக் கொண்டுபோய் அக்காவிடம் சொல்வோம் என்று நான் இங்கே அலைந்துகொண்டிருக்க, குழாய் லாரி மலை ஏறிவிட்டது. முள்ளை ஜேசிபியே ஓரமாகத் தள்ளிவிட்டதாம்.

சித்திரையில் மலைக்குப் போனேன். பஸ் வளைந்து வளைந்து ஏறுகிற வரைக்கும், சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். அக்கா கீழ்க் கிணற்றடியில் இருந்தார். கயிறு எட்டாமல் இன்னொரு கயிற்றை முடிந்து வாளியை இறக்கிக்கொண்டிருந்தார். தகரம் பாறையில் உரசுகிற சத்தம் கேட்டது. மேலே வந்தது கால் வாளி கலங்கல்.

எல்லாவற்றையும் கொட்டினேன். நான் சரியாகத்தான் எழுதினேன், வேண்டுமென்றே மாற்றியவன் இன்னொருவன், என் பெயரைப் போட்டு என்னையும் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா கலங்கலைத் துணியில் வடித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அந்த ஆளு ஒன்ன ஏமாத்திட்டான், செரி," என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை. "ஆனா அவன் யாருன்னே எங்களுக்குத் தெரியாதே பாப்பா. நாங்க உங்கிட்டதான சொன்னோம்."