தேரை சொன்ன சேதி

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், மதுரையில் ஒரு டாக்டரம்மா நடத்திய பிரசவ ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில் எனக்கு வேலை கிடைத்தது. நாற்பதுகளின் கடைசி. வயிற்றில் கரு தங்கியிருக்கிறதா என்பதை ஆண் தேரையை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை அப்போதுதான் வந்திருந்தது. பெண்ணின் சிறுநீரைத் தேரையின் தோலுக்கடியில் ஊசியால் ஏற்ற வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து, தேரையிடமிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். கரு இருந்தால் அந்தச் சொட்டில் தேரையின் விந்தணுக்கள் நெளியும். தேரை சாவதில்லை. மண்தொட்டியில் விட்டு, கறையான் போட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டது நான்தான்.

திருமங்கலத்துப் பக்கமிருந்து விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டு மருமகள் வந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. இந்த முறை நாள் தள்ளி இரண்டு வாரம்தான். சீக்கிரமே தெரிந்தால் படுக்கையில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

அன்று மத்தியானம் சொட்டு முழுக்க நெளிந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிக்கா கண்டுபிடிச்சீக?" என்றாள். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வாசலில் நின்ற மாமியாருக்கும் அது கேட்டுவிட்டது. பிள்ளைத்தாச்சிமேல் தேரை விழுந்தால் குழந்தை வற்றிப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"அடி ஆத்தி! எங்க வம்சத்தைக் கொண்டுபோயி தேரை ஒடம்புல ஏத்திப்புட்டீகளா? எந்திரி தாயி, போவோம்."

மருமகளைக் கையோடு கூட்டிப் போய்விட்டார்.

மூன்றாம் மாதம் நெருங்கியும் அவர்கள் வரவில்லை. தேரை விஷயத்தை உளறிய வாய் என்னுடையது என்பதால் மனசு கேட்கவில்லை. பஸ் ஏறி, மீதித் தூரம் நடந்து அந்த ஊருக்குப் போனேன். களத்தில் அவள் மிளகாய் வற்றலை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க எதுக்கு வந்தீக?" என்றார் மாமியார்.

சேலையை விலக்கி என் வயிற்றைக் காட்டினேன். "எனக்கு அஞ்சு மாசம் ஆத்தா. தெனமும் இந்தக் கையாலதான் தேரையைப் பிடிக்கிறேன். என் பிள்ளைக்கு என்ன வருதோ அதுவே உங்க பேரப்பிள்ளைக்கும் வரட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் அந்தப் பயம் உள்ளுக்குள் இருந்தது.

அவர் என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒன் வீட்டுல யாரும் ஒன்னையத் தடுக்கலையா?"

"இன்ன வேலைன்னு அவுகளுக்குத் தெரியாது."

உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தார். "குடி. இம்புட்டு வெயில்ல நடந்து வந்திருக்க. நாளைக்குக் கூட்டிக்கிட்டு வாரேன்."

மருமகள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். எனக்கு முதலில் பிறந்தது. மாமியார் வந்து என் மகனின் தொடையை அமுக்கிப் பார்த்து, "சதை இருக்கு" என்றார். பின்னர் அவளுக்குப் பெண் பிறந்தது, எடை குறைவாக. பல நாள் பஞ்சில் சுற்றி வைத்துக் காத்தோம். எனக்குத்தான் மாமியாரின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவரோ, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "அவ அப்பன் மாதிரி ஒல்லி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.