கத்தரிக்காய்ச் சின்னத்துல நின்ன மீன்காரரு

கடக்கரையில பொறந்துட்டு, கடல்ல போனாலே வாந்தி எடுக்குத ஆளு லியோன் ஒருத்தராத்தான் இருக்கும். குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்துல ஊரு. சின்ன வயசுல அப்பா வள்ளத்துல ஏத்திட்டுப் போவாரு. கரை கண்ணுக்கு மறையுததுக்குள்ள இவருக்குக் குடலே வெளிய வந்துரும். கொஞ்ச நாள் பாத்துட்டு அப்பா சொல்லிட்டாரு: "ஏலே, ஒனக்கு மீன் பிடிக்க வராது. பிடிச்ச மீனக் கொண்டுபோயி வித்தாவது பொழச்சுக்கோ."

வித்தாரு. மொதல்ல சைக்கிள்ல, பொறவு மொபட்டுல. யாவாரம் தேடி மேக்க மேக்க வந்தவரு, அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துல இந்தச் சின்ன ஊருல வந்து நின்னாரு. இதுக்கு மேல போனா மலை, மலைக்கு மேல புலி. புலி நம்மகிட்ட காசு குடுத்து மீன் வாங்காதுன்னு இங்கனயே தங்கிட்டாரு. பாக்கியத்தக் கட்டிக் கூட்டிட்டு வந்தாரு. மக ஜாய்சி இங்கனதான் பொறந்தா, படிச்சா, வளந்தா.

காலையில ஐஸ் பொட்டி கட்டுன மொபட்டு 'பாம் பாம்'னு வந்தாப் போதும், வடக்குத் தெரு, மாதா கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு மூணும் சட்டியத் தூக்கிட்டு ஓடி வந்துரும். இருந்தும் என்ன? குழாயடியில ஒரு சண்ட வந்து இவரு ஞாயம் பேசப் போனா, "அண்ணாச்சி, நீங்க வெளியூரு, சும்மா இருங்க"ம்பான் ஒருத்தன். சனங்களுக்கு இவரு கடக்கரைக்காரருதான். அது இவருக்கு முள்ளு மாதிரி உள்ளயே குத்திக்கிட்டு கெடந்துச்சு.

இப்படி இருக்கையில ஜாய்சிக்குப் பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. அஞ்சலின்னு பேரு வச்சாங்க. மருமகன் கப்பல்ல வேலைக்குப் போயிருந்தான். அதனால பிள்ளையக் கொண்டாடுத வேலை மொத்தமும் லியோன் தலையில விழுந்துச்சு. அவருக்கு அதவிட வேற என்ன வேணும். மீன் எடைபோடயில கூட, "எம் பேத்தி இந்தச் சீலாவ விடக் கனம் தெரியுமா?"ன்னு கேப்பாரு. சும்மா போறவனக் கூப்பிட்டு போன்ல படம் காட்டுவாரு. பாத்த படத்தையே திரும்பப் பாத்துட்டு, "அச்சு அசல் ஒங்க சாடைதான்"னு சொல்லுதவங்களுக்கு ஒரு கை நெத்திலி கூட விழும். சனங்க அதக் கண்டுபிடிச்சிட்டாங்க. பொறவு அந்த ஊருல அஞ்சலின் தாத்தா சாடை இல்லன்னு சொல்ல ஆளே கெடையாது.

பிள்ளையக் குளிப்பாட்டுதது கோமு. வடக்குத் தெருக்காரி. கால நீட்டி உக்காந்து, பிள்ளையக் குப்புறப் போட்டு, எண்ண தேச்சு, கை கால நீவி விட்டு வெந்நி ஊத்துனான்னா, அழுத பிள்ள அவ கால்லயே கண்ணசந்துரும். அந்த வார்டுல பாதிப் பேரு அவ கால்ல குளிச்சவங்கதான். ஜாய்சியும் அப்படித்தான். லியோனுக்கு அவ தங்கச்சி மாதிரி.

அந்த நேரந்தான் உள்ளாட்சித் தேர்தல் வந்துச்சு. அதே வார்டுல இருக்க மேலத்தெரு பேச்சிராஜ் கவுன்சிலருக்கு ஒரு கட்சியில நிக்கான். ஒரு நாள் சாயந்தரம் வெள்ள வேட்டியோட லியோன் வீட்டுக்கு வந்தான். லியோன் மடியில பேத்திய வச்சுக்கிட்டு இருந்தாரு. அந்த நேரத்துல மொபட்ட எழுதிக் குடுன்னு எவனாவது கேட்டிருந்தாலும் குடுத்திருப்பாரு.

"அண்ணாச்சி, நம்ம வார்டுல நீங்க சுயேச்சையா நிக்கணும். மத்த வேலையெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்கதான நிக்கிதிய?"

"நான் கட்சிக்காக நிக்கேன். நீங்க ஒங்களுக்காக நில்லுங்க. இருபத்தெட்டு வருசமா இங்கன இருக்கிய, இன்னும் வெளியூருங்கான். ஓட்டு மிஷின்ல பேரு வந்துட்டா எவன் சொல்லுவான்?"

முள்ளு எங்க இருக்குன்னு பாத்து, சரியா அங்கன போயி தொட்டுட்டான். லியோன் பேத்தியக் குனிஞ்சு பாத்தாரு. "கேட்டியா மக்கா, தாத்தா மிஷின்ல வரப்போறேன்."

பாக்கியம் அடுக்களையில இருந்து, "பேச்சிராஜு எதுக்கு நமக்காவ இம்புட்டு அலையுதாரு?"ன்னு கேட்டா. யாரு காதுல விழுந்துச்சு?

மனு குடுத்தாச்சு. மனுவுல பேச்சிராஜ் கேட்டு எழுதுன சின்னம் கத்தரிக்காய். மீன்காரருக்குக் கத்தரிக்காய்னு ஊரே சிரிச்சுது, அவரும் சிரிச்சாரு. மனு குடுக்கக் கடைசி நாளு அடுத்த கட்சிக்காரங்க ஆளு அறிவிச்சாங்க. யாருன்னு பாத்தா, கோமு. லியோன் லட்டு வாங்கிட்டு ஓடுனாரு. "நாம ரெண்டு பேருமே நிக்கோம் கோமு. யாரு செயிச்சாலும் நம்ம வீடுதான." கோமு லட்டக் கையில வாங்கி வச்சுக்கிட்டு இவரையே பாத்தா.

அதுக்குப் பொறவும் அவ தினமும் வந்தா, குளிப்பாட்டுனா, போனா. மனு வாபஸ் வாங்குத நாளும் முடிஞ்சுது. மறுநாள் காலையில பிள்ளையத் துவட்டி ஜாய்சி கையில குடுத்துட்டு, கோமு எந்திரிச்சா.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். நீங்க ஹாரன் அடிச்சா எந்தெந்தத் தெரு ஓடி வருது?"

"இந்த மூணு தெருவுந்தான்."

"அந்த மூணுந்தான் எனக்குப் போடுத தெரு. பேச்சிராஜுக்கு மேலத்தெரு மட்டுந்தான். ஆனா மூணு தெருவுலயும் அவனுக்குக் கொஞ்சம் சொந்தக்காரங்க இருக்காங்க. கூட்டிப் பாத்தா ரெண்டு பேரும் சரிக்குச் சரி. எனக்கு விழ வேண்டியதுல ஒரு கை அள்ளி நீங்க கொண்டு போயிட்டா, நீங்களும் செயிக்க மாட்டிய, நானும் செயிக்க மாட்டேன். அவன் காலாட்டிக்கிட்டே செயிச்சிருவான். அதுக்குத்தான் ஒங்களக் கொண்டாந்து நிறுத்தியிருக்கான்."

லியோன் வள்ளத்துல ஏறுன மாதிரி கதவப் பிடிச்சுக்கிட்டாரு. "நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, கோமு?"

"நான் சொல்லி நீங்க விலகுனா, அது நான் கேட்டு வாங்குனதால்லா ஆயிரும். நேத்து மூணு மணி வரைக்கும் பாத்தேன். நீங்களா விலகுவியன்னு."

சொல்லிட்டுப் போயிட்டா. மறுநாளு வரல.

மறுநாளு பாக்கியம் குளிப்பாட்டுனா. பிள்ள வீல்னு கத்துச்சு. அதுக்கு அடுத்த நாளு ஜாய்சி போன்ல ஒரு வீடியோவப் பாத்துப் பாத்து ஊத்துனா. பிள்ள அதவிடக் கத்துச்சு. தெருவே கூடிப்போச்சு. "கோமு வரலியோ?"ன்னு ஒவ்வொருத்தியும் கேக்கா. லியோன் மொபட்டத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. தொடைக்க அதுல ஒண்ணுமே இல்ல.

பேர மிஷின்ல இருந்து எடுக்க முடியாது. தனக்கு விழுத ஓட்டையாவது தடுக்கலாம்லான்னு அவருக்குத் தோணுச்சு. பத்திரிகைக்காரங்களயா கூப்பிட முடியும்? கையில இருக்கது ஹாரன் ஒண்ணுதான்.

"பாம் பாம். சாளை, நெத்திலி, ஊளி. கத்தரிக்காய்க்கு ஓட்டுப் போடாதிய. கோமுவுக்குப் போடுங்க."

பள்ளிவாசல் தெருவுல ஷஃபீகா சட்டியோட வந்து நின்னா. "ஏன் அண்ணாச்சி, ஒங்க கத்தரிக்காய் சொத்தையா?"

"சொத்தை இல்ல தாயி. அடுத்தவன் தோட்டத்துக் காயி. நாந்தான் தெரியாமப் பறிச்சிட்டேன்."

மூணு தெருவுலயும் இதே கூத்துதான். மீன் வாங்க வராதவங்களும் அவரு பேச்சக் கேக்க வாசலுக்கு வந்தாங்க. பேச்சிராஜ் பைக்க நிறுத்துனான்.

"என்னவே பண்ணுதீரு?"

"பிரச்சாரம்."

"ஒமக்கு எதிரா நீரேவா?"

"ஓட்டு வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு எங்கயும் எழுதியிருக்கா வே?"

பேச்சிராஜ் சிரிச்சான். "நீரு என்ன கத்துனாலும் பாவம் பாத்து ஒரு அம்பது பேரு ஒமக்குப் போடுவான். எனக்கு அது போதும். எங்க தெருவுல இருந்து ஒரு ஓட்டு செதறாது. நாள் தவறாம சாம்பிராணி மணக்குத தெரு வே அது. மீன்காரனுக்கா போடுவாங்க?"

லியோன் வாயத் தொறந்தாரு. அப்படியே மூடிக்கிட்டாரு.

மேலத்தெருவுல மீன் கவிச்சி புழங்குதது கெடையாது. ஊருக்குத் தெரிஞ்சது அதுதான். ஆனா வீடுகளுக்குப் பின்னால, வாய்க்காக் கரையில ஒரு சந்து இருக்கு. பிள்ளையார் கோயில் முக்கு வந்ததும் லியோன் ஹாரன் அடிக்குதத விட்டுருவாரு. வண்டிய அமத்திட்டு உருட்டிக்கிட்டே சந்துக்குள்ள போவாரு. எந்த வீட்டுப் பின்சுவத்துல செம்பு கவுந்து இருக்கோ, அந்த வீட்டுக்கு மீன் வேணும். குப்பையில செதில் கெடந்தா தெரிஞ்சிரும்னு, வீட்டுலயே சுத்தம் பண்ணி, தேக்கு இலையில பொதிஞ்சு கொண்டு போவாரு. செம்புக்குப் பக்கத்துல வச்சுட்டுப் பைய நகந்துருவாரு. பேச்சு கெடையாது. கொஞ்ச நேரத்துல அந்தந்த வீட்டுல சாம்பிராணி போட ஆரம்பிச்சிருவாங்க. மீன் பொரிக்குத வாசம் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாதுல்லா. அடுத்த வீட்டுலயும் அதே காரணத்துக்குச் சாம்பிராணி எரியும். அது இவங்களுக்குத் தெரியாது. லியோன் ஒருத்தருக்குத்தான் தெரியும். இலை யாருக்குன்னு பாக்கியம் கேட்டதில்ல, இவரும் சொன்னதில்ல.

ஓட்டுக்கு மொத நாளு அந்தச் சந்துக்குள்ள போனாரு. இங்கனயும் சொல்லிரணும், ஆனா எப்படிச் சொல்ல? ஹாரன் அடிக்க முடியாத எடத்துல கத்தவா முடியும்? அப்ப ஆவுடையம்மா வீட்டுப் பின்கதவு இத்தினியூண்டு தொறந்துச்சு. இத்தன வருசத்துல தொறந்து பேசுனது அதுதான் மொதத் தடவ.

"அண்ணாச்சி, கத்தரிக்காய்தான?" கிசுகிசுன்னு கேட்டாக. "இத்தன வருசத்துல ஒங்க வாயில இருந்து ஒரு வார்த்த வெளிய போகல. நம்பிக்கையான ஆளு. ஓட்டும் யாருக்கும் தெரியாமப் போடுததுதான, கவலப்படாதிய."

லியோன் வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தாரு. பக்கத்து வீட்டுக் கெணத்தடியில வாளிச் சத்தம் கேட்டுச்சு. ஆவுடையம்மா ஒதட்டுல வெரல வச்சுக் கதவச் சாத்திட்டாக. அவரு கொஞ்ச நேரம் சாத்துன கதவப் பாத்து கை ரெண்டையும் வேண்டாம் வேண்டாம்னு ஆட்டிக்கிட்டு நின்னாரு. கதவுக்கு என்ன தெரியும்?

எண்ணிக்கை நாளு. வார்டுக்கு ரெண்டு மிஷினு. மொத மிஷின்ல மூணு தெரு ஓட்டு. கோமு அள்ளிட்டா. லியோனுக்கு ஒரே ஒரு ஓட்டு. அவரு கோமுவுக்குப் போட்டவரு. மெதுவாத் திரும்பி, ஏஜெண்டாக் கூட உக்காந்திருந்த பாக்கியத்தப் பாத்தாரு.

"வீட்டுக்காரருக்குப் போடாம வேற யாருக்குப் போட?"ன்னா பாக்கியம். "நீங்க தெருத்தெருவா வேண்டாம்னு கத்துதத என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

ரெண்டாவது மிஷினு மேலத்தெருவோடது. பேச்சிராஜ் மாலையத் தயாரா வெளிய வாங்கி வச்சிருந்தான். கோமுவுக்கு அங்கன பெருசா ஒண்ணும் இல்ல. பேச்சிராஜுக்கு நெறையத்தான் விழுந்துச்சு. ஆனா நெனச்ச அளவு இல்ல. மீதி எங்கன்னு பாத்தா, கத்தரிக்காய்க்கு எழுபத்து மூணு. அதிகாரி ரெண்டு தடவ வாசிச்சாரு. கூட்டிப் பாத்ததுல கோமு இருபத்தாறு ஓட்டுல செயிச்சிட்டா.

பேச்சிராஜ் லியோன ஓரமா இழுத்தான். "யாருவே அந்த எழுபத்து மூணு பேரு?"

"ரகசிய ஓட்டுல்லா. எனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தெருவுக்குள்ள நீரு மீன் வித்து நான் பாத்ததே இல்லியே."

"தெருவுக்குள்ள நான் போனதே இல்ல பேச்சிராஜு. மாதா மேல சத்தியமா."

அது பொய் இல்ல. சந்துதான.

கோமுவுக்கு மேளம் அடிச்சு, வேட்டுப் போட்டு, ஊர்வலமாக் கூட்டிட்டு வந்தாங்க. மாதா கோயில் தெருவுல திரும்புனதும் மேளத்தையும் மீறி ஒரு சத்தம் கேட்டுச்சு. அஞ்சலின் கத்துதா. முன்னாலயே வீடு வந்துட்ட பாக்கியம் அப்பத்தான் பிள்ளையக் கால்ல போட்டிருந்தா. கோமு மேளத்த நிறுத்தச் சொன்னா. கழுத்துல கெடந்த மாலையக் கழட்டி லியோன் மொபட்டு ஹாண்டில்ல மாட்டிட்டு, சேலையச் சொருகிக்கிட்டு உள்ள போனா.

"தள்ளுங்க மைனி. வெந்நி இம்புட்டுச் சூடாவா போடுவாங்க?"

உக்காந்து கால நீட்டுனா. பிள்ள அவ கால்ல படுத்ததும் அழுகை பாதியில நின்னுச்சு. மேளக்காரங்க வாசல்ல உக்காந்துட்டாங்க. கவுன்சிலரு பிள்ளையக் குளிப்பாட்டி முடிக்குத வரைக்கும் ஊர்வலம் அங்கனயே காத்துக் கெடந்துச்சு. லியோன் கதவுல சாஞ்சு நின்னாரு. "கோமு, நான் ஒரு கூறுகெட்டவன்"னாரு.

"அது எனக்கு முன்னாலயே தெரியும் அண்ணாச்சி. ஒரு வாரமாத் தொண்டத்தண்ணி வத்த எனக்கு ஓட்டுக் கேட்டியளே, அதுதான் புதுசு. ஜாய்சி, சாம்பிராணியக் கொண்டா."

பிள்ளைக்குத் தல காய, கரண்டி நெருப்புல சாம்பிராணியப் போட்டுப் புகையக் காட்டுனா. வாசம் வீடு பூரா பரவுச்சு. லியோனுக்கு அடக்க முடியல. வாயப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. கண்ணுல தண்ணி வந்துட்டு.

"என்னத்துக்குச் சிரிக்கிதிய?"ன்னு கேட்டா கோமு. "அது கெடக்கட்டும், அந்த எழுபத்து மூணு பேரு யாரு?"

"அத மட்டும் கேக்காத தாயி."

கோமு பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தா. காத்து மேக்க இருந்து வந்துச்சு. மேலத்தெருப் பக்கமிருந்தும் சாம்பிராணி மணம், இன்னைக்கு எப்பவும் விடக் கொஞ்சம் தூக்கலா. கோமு மூக்க உறிஞ்சுனா. காலையில காலியாத் திரும்பி வந்த ஐஸ் பொட்டியப் பாத்தா. அப்புறம் லியோனப் பாத்தா.

லியோன் பேத்தியப் பாத்தாரு. "தூங்கிட்டா"ன்னாரு.