நிக்காஜாக் ஏரியில் பதினொன்று ஐம்பது

ஹீத்ரோவில் ஏறியபோது எங்கள் வரிசையில் மூன்று இருக்கைகள். ஜன்னலோரம் நான், மற்ற ஓரத்தில் அண்ணி, நடுவில் ஒருவரும் இல்லை. அது அண்ணாவின் இடம். டெனசி மாநிலத்தைச் சுற்றிப் பார்க்க விமானச் சீட்டு, அறைகள், கார் எல்லாம் அவர்தான் பதிவு செய்து வைத்தார். மூன்று மாதத்துக்கு முன் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சு வலித்து இறந்துபோனார்.

செத்த வீட்டுக்காரர் சுற்றுலா போகலாமா என்று லண்டனில் நாங்கள் இருக்கிற பார்க்கிங் பகுதியில் சனம் கதைத்தது. எனக்கும் தெரியவில்லை. அம்மாதான், "அவன் ஆசைப்பட்டது, போட்டு வாங்கோ" என்றார். ஆனால் பயணத்தின் மூன்றாம் நாள் அண்ணாவின் மாசியம். மாதாமாதம் அவர் இறந்த திதியில் சமைத்துப் படைக்கிற நாள்.

"நீங்கள் நிக்கிற இடத்தில பன்னிரண்டு மணிக்கு முதல் படைச்சுப் போடோணும், பிள்ளை. பிந்தினால் அவன் பசியோட போயிடுவான்" என்று அம்மா சொல்லி அனுப்பினார்.

ஒன்பது மணித்தியாலம் பறந்து நாஷ்வில்லில் இறங்கினோம். அண்ணாவின் கைமணிக்கூடு என் கையில் இருந்தது. அதை ஆறு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினேன். அறை ஒரு இரவுக்கு 142 டொலர்; மூன்று பேருக்கான அறை, மூன்று துவாய் மடித்து வைத்திருந்தார்கள்.

அடுத்த நாள் பூங்கா ஒன்றில் பழைய கிரேக்கக் கோயிலைப் போலவே கட்டிய பெரிய கட்டடம் பார்த்தோம். அண்ணாவின் பட்டியலில் முதலாவது அதுதான். உள்ளே நாற்பத்திரண்டு அடி உயரத்தில் பொன் பூசிய அம்மன் சிலை. என்னை அறியாமல் கும்பிட்டுவிட்டேன். கற்பூர வாசம் இல்லை, மணி இல்லை. கும்பிட்ட கையை என்ன செய்வதென்று விளங்காமல் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஆறரை. வீட்டிலிருந்து கொண்டுபோன ரைஸ் குக்கரில் அண்ணி அரிசி போட்டார். ஏழரைக்கும் தண்ணீர் இளஞ்சூடுதான்.

"அண்ணி, விளக்கு எரியுதே?"

"எரியுது. ஆனா இங்கத்தைய கரண்ட் எங்கடையில பாதிதானாம். இப்பதான் போனில பார்த்தனான். இதை ஆறாயிரம் கிலோமீற்றர் சுமந்து வந்த என்ர மூளைக்கு ஒரு கும்பிடு."

அன்று போகவேண்டிய சட்டனூகா நகரத்து அறையில் அடுப்பு இருந்தது. 134 மைல். ஏழு ஐம்பதுக்குப் புறப்பட்டோம். அண்ணிதான் ஓட்டினார். வழியெல்லாம் பச்சை மலை. போனில் இருந்த வரைபடம் போய்ச் சேரும் நேரத்தை ஒரு மணித்தியாலம் கூட்டியே காட்டியது. ட்ராபிக் என்று நினைத்தோம். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, குஜராத்தி ஆன்ட்டி ஒருவர் நடத்தும் அந்த மோட்டலின் சுவர் மணிக்கூட்டில் பதினொன்று. பழுதாக்கும் என்று நினைத்தேன். அறை 96 டொலர்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல். அண்ணாவுக்குப் பிடித்த ஜிஞ்சர் பியர் ஒன்று. இறக்கி முடிய என் கையில் பதினொன்றே கால். அம்மாவுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். பன்னிரண்டே கால்.

ஓடிப்போய் ஆன்ட்டியிடம் கேட்டேன். இந்த மாநிலத்துக்குள்ளேயே இரண்டு நேரம், வருகிற வழியில் நேர எல்லையைக் கடந்துவிட்டீர்கள், இங்கே ஒரு மணித்தியாலம் முன்னுக்கு என்று சிரித்தார். திரும்பி வந்து அண்ணியிடம் சொன்னேன். அவர் கரண்டியோடு கட்டிலில் இருந்துவிட்டார்.

"அண்டைக்கும் பிந்தித்தான் போனனான், துளசி. ஆஸ்பத்திரிக்கு. பத்து நிமிசம்."

அது எனக்குத் தெரியாது. கையில் பதினொன்றே கால், போனில் பன்னிரண்டே கால். எது சரி?

"அண்ணி, எழும்புங்கோ. அங்கால இன்னும் பன்னிரண்டு ஆகேல்லை. திரும்பிப் போவம்."

"விசரே உனக்கு?"

"ஓம்."

சட்டியோடு காரில் ஏறினோம். வந்த நெடுஞ்சாலையிலேயே இருபத்திரண்டு மைல். ஜோர்ஜியா மாநிலத்தின் மூலையொன்றைத் தொட்டுப் போகிற வழி. எல்லை தாண்டியதும் போன் ஒரு மணித்தியாலம் பின்னுக்குக் குதித்தது. அண்ணி சத்தமாக மூச்சு விட்டார். நிக்காஜாக் ஏரிக்கரையில் லொறிக்காரர் நின்று இளைப்பாறும் இடம். இருக்க நீள வாங்கு போட்ட மேசை. கைமணிக்கூடும் போனும் ஒன்றாக 11.50 காட்டின. கடதாசித் தட்டில் படைத்தோம். ஜிஞ்சர் பியரை அண்ணி உடைத்து வைத்தார். புல்லில் ஒரு பிடி சோறு வைத்துக் காகத்தைக் கூப்பிட்டோம்.

காகம் வரவில்லை. தண்ணீரிலிருந்து கொழுத்த வாத்து ஒன்று ஏறி, ஆடி ஆடி வந்து, எல்லாவற்றையும் தின்றுவிட்டு இன்னும் தா என்பதுபோல் பார்த்தது.

"உன்ர அண்ணையேதான்" என்றார் அண்ணி. "எனக்கு மிச்சம் வைக்கிறதே இல்லை." சிரித்தார். பிறகு அழுதார். எனக்கும் இரண்டும் ஒன்றாக வந்தது.

மிச்ச நாலு நாளில் பாலம், மலை, அருவி எல்லாம் பட்டியல்படி பார்த்தோம். எது எங்கே என்று இப்போது குழம்புகிறது.

ஹீத்ரோவில் அம்மா நின்றார். முதல் கேள்வி, "பன்னிரண்டுக்கு முதல் படைச்சனீங்களோ?"

"ஓம் மாமி" என்றார் அண்ணி. "பிந்தேல்லை."

"எந்த இடம் நல்லம்?"

"லொறி நிப்பாட்டிற இடம் ஒண்டு" என்றேன்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.