மேற்கே திரும்பிய பாய்

லாம்பர்ட் பெத்தலுக்குக் காகிதத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. அதை எழுதின என் மேல் இருந்தது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எட்டு வருஷம் அவர் படகில் சமைத்தேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்று சொன்ன பிறகு கரைக்கு வந்து, பயணத் திட்டம் எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து தீவுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு எந்த ராத்திரி எந்தத் தீவில் நங்கூரம், எங்கே மீன் வாங்குவது, எங்கே குடிதண்ணீர் நிரப்புவது என்று கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதுவேன். மகள் அதைப் போனில் படம் பிடித்து அனுப்பி வைப்பாள். லாம்பர்ட் அதை ஒரே ஒரு தரம் பார்ப்பார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

"கிளெம்மி அக்கா எழுதிட்டா. இனி காத்து அதுக்கு ஒத்துழைக்கணும்," என்பார்.

கரீபியன் கடலில் எங்கள் காரியாக்கூத் தீவில், விண்ட்வர்ட் ஊர்க் கடற்கரையில் பிறந்த மனிதர். பதினாறு வயதில் சரக்குப் படகில் ஏறினார். அந்தச் சரக்கில் பாதிக்கு ரசீது கிடையாது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். பிறகு எண்ணெய்க் கப்பலில் பதினோரு வருஷம். திரும்பி வந்தபோது கையில் கொஞ்சம் பணம், தலையில் பாதி முடி. தாய் மிஸ் தியோடோசியா தன் கொல்லையில் நின்ற வெள்ளைத் தேவதாரு மரங்களை வெட்டச் சொன்னாள். மூன்று வருஷத்தில் கடற்கரை மணலிலேயே படகு எழுந்தது. கடலில் இறக்கிய நாளில் சாமியார் தீர்த்தம் தெளித்தார், மாமன்கள் ஆடு வெட்டி ரத்தம் தெளித்தார்கள். எங்கள் ஊரில் இரண்டும் வேண்டும். படகுக்குத் தாயின் பேரையே வைத்தார்.

"என் பேரை எழுதிட்ட. எங்கயாவது கொண்டுபோய்ப் பாறையில முட்டின, உள்ள இருந்தே அறைவேன்," என்றாளாம் கிழவி.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒரு தியோடோசியா கரையில, ஒரு தியோடோசியா தண்ணியில. மூணாவது பொம்பளைக்கு எடமேது?" என்பார்.

கரையில் இருந்த தியோடோசியா போய் நான்கு வருஷம் கழித்து அவளுக்குக் கல்லறைக் கல் வைக்க நாள் குறித்தார்கள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. செதுக்கின கல்லை வெள்ளிக்கிழமையே வீட்டுக்குள் கொண்டுவந்து செத்தவளின் கட்டிலில் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்தி வைப்போம். அது கல் இல்லை, திரும்ப வீட்டுக்கு வந்த தாய். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வயது வரிசைப்படி அதன் மேல் ரம்மும் தண்ணீரும் ஊற்றி நனைக்க வேண்டும். முதல் ஈரம் மூத்த பிள்ளை கையால், அதாவது லாம்பர்ட் கையால் விழ வேண்டும். பிறகு ஊர்வலமாகக் கொண்டுபோய் நடுவோம். வந்தவர்களுக்கெல்லாம் சோறு.

பிப்ரவரியில் லாம்பர்ட் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அந்த ஞாயித்துக்கெழம மட்டும் என்னைய விண்ட்வர்ட்ல வச்சிரு. மத்த நாளெல்லாம் எங்க வேணா அனுப்பு."

"இதையெல்லாம் கேக்கணுமா தம்பி?" என்று சொல்லி, அவர் முன்னாலேயே காலண்டரில் சிலுவை போட்டேன்.

அந்தக் கல் வைக்கிற வாரத்துக்கு ஒரு ஜெர்மன் குடும்பம் பதிவு செய்திருந்தது. ஹெட்விக் என்கிற அம்மாள், புருஷன், இரண்டு பெண்கள். நான் முதலில் எழுதின திட்டம் சரியாகவே இருந்தது. யூனியன் தீவு, மேரோ தீவு, ஆமைகள் நீந்துகிற டொபாகோ கேஸ் என்கிற குட்டித் தீவுகளில் இரண்டு நாள், சனிக்கிழமை சாயந்தரம் விண்ட்வர்ட். அதற்கு அந்த அம்மாள் பதில் எழுதினாள். சின்னவளுக்கு ஆமை என்றால் உயிராம். அங்கே இன்னும் ஒரு நாள் கிடைக்குமா? கடைசியில், 'நீங்கள் எங்களுக்கு ஒரு தேவதை' என்று எழுதியிருந்தாள்.

அந்த வார்த்தையை மகளை மூன்று தரம் படித்துக் காட்டச் சொன்னேன். ஆண்டவர் முன்னால் மறைக்க முடியாது. ரப்பரை எடுத்து அழித்தேன். சனிக்கிழமையும் ஆமைகளோடு, ஞாயிறு விடிந்ததும் நேராக விண்ட்வர்ட். அங்கிருந்து இரண்டரை மணி நேரம். பத்து மணிக்குள் வந்துவிடலாம். கல் நனைப்பது பன்னிரண்டுக்கு. எல்லாம் பொருந்தியது போல் இருந்தது.

அங்கேதான் என் மூளை விண்ட்வர்ட் மூளையாகவே இருந்துவிட்டது. அந்தத் தீவுகள் வேறு நாடு, காரியாக்கூ வேறு நாடு. ஆனால் எங்கள் வாசலில் நின்று பார்த்தால் யூனியன் தீவு பக்கத்து வீடு மாதிரித் தெரியும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் நாங்கள் குறுக்கே போய்விட்டு வருவோம். பாஸ்போர்ட் முத்திரையை யார் பார்த்தார்? வெளிநாட்டுக்காரரோடு போகிற படகு அப்படி வர முடியாது. யூனியனில் வெளியேறும் முத்திரை வாங்க வேண்டும், பிறகு காரியாக்கூவின் மேற்குப் பக்கம் ஹில்ஸ்பரோவுக்குப் போய் நுழையும் முத்திரை வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யூனியன் அதிகாரி பூசை முடிந்து, சாப்பிட்டு, அப்புறம்தான் வருவார்.

இது எனக்கு உறைத்தது பயணத்துக்கு ஒன்பது நாள் முன்பு. மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அன்றைக்கே அந்த அம்மாளுக்கு, 'மன்னிக்கவும், ஒரு நாள் குறைகிறது' என்று எழுதியிருந்தால் முடிந்தது. நாளைக்கு எழுதலாம் என்றேன். மறுநாள், அதிகாரி சீக்கிரம் வந்தாலும் வரலாம் என்றேன். அதற்காக ஜெபமும் செய்தேன். என் சோம்பலைத் தூக்கி ஆண்டவர் தலையில் வைத்ததற்கு ஜெபம் என்று பேர் கொடுத்தேன்.

புறப்படுகிற அன்று தாளை லாம்பர்ட்டிடம் நீட்டினேன்.

"ஞாயித்துக்கெழம காலைல கேஸ்ல இருந்து கெளம்பற மாதிரி போட்டிருக்கேன். மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்," என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் வழக்கமாக ஒரே தரம் பார்க்கிறவர். அன்று இரண்டு தரம் பார்த்தார். கட்டைவிரலை அந்த ஞாயிற்றின் மேல் வைத்தார்.

"முத்திரை?"

"ஆண்டவர் பாத்துக்குவார்."

"நீ சொன்னா சரி," என்றார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே மிஸ் தியோடோசியா வீட்டில் பெரிய பானைகளை அடுப்பில் ஏற்றிவிட்டோம். ஆட்டுக்கறி, துவரை, சோளமாவுக் களி, உருட்டிப் பிடித்த சோறு. லாம்பர்ட்டின் தங்கை யூடோரா புரூக்ளினிலிருந்து வந்திருந்தாள். மறுநாளே திரும்பிப் போக டிக்கெட். நாளைத் தள்ளிப்போட வழியே இல்லை.

பன்னிரண்டு மணி ஆயிற்று. கட்டிலில் கல் வெள்ளைத் துணிக்குள் கிடந்தது.

"எங்க அவன்?" என்றாள் யூடோரா.

கரண்டி என் கையில்தான் இருந்தது. நான் களியைக் கிண்டினேன்.

ஒரு மணி. இரண்டு மணி. சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். சிமெண்ட் பூச வந்த கஸ்பார் இரண்டாம் தட்டுச் சோற்றையும் முடித்துவிட்டு, "நான் கொழச்சு வச்சது கல்லாயிரும்மா. அப்புறம் ரெண்டு கல்லா நட வேண்டியதுதான்," என்றார்.

"அம்மாவை விட வெள்ளைக்காரன் பெருசாப் போயிட்டான் என் அண்ணனுக்கு," என்றாள் யூடோரா. சொல்லிவிட்டுத் துணியை விலக்கி, தன் கையால் ரம்மை ஊற்றினாள். முதல் ஈரம் அவள் கை ஈரமாக விழுந்தது. பிறகு தண்ணீர். பாட்டு ஆரம்பித்தது. எல்லாரையும் விட நான் சத்தமாகப் பாடினேன்.

கல்லறைத் தோட்டம் மேட்டில் இருக்கிறது. கல்லைக் குழிக்குப் பக்கத்தில் இறக்கினபோது ஒரு சித்தப்பா கடலைக் கைகாட்டினார்.

"அதோ, தியோடோசியா!"

யூனியன் பக்கமிருந்து வெள்ளைப் பாய் வந்துகொண்டிருந்தது. எல்லாரும் திரும்பினார்கள். யூடோரா கூடக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். பாய் நேராக எங்களை நோக்கி வந்தது, நான் மூச்சை விட்டேன். பிறகு அது மெல்ல மேற்கே திரும்பியது. முத்திரைக்காக ஹில்ஸ்பரோ போகிறது. முனையைச் சுற்றி மறைந்தது.

"பாத்தீங்களா? அம்மா வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறான்!" யூடோராவின் குரல் உடைந்தது. "ஏண்டா, உனக்கு என்னடா செஞ்சா அவ?"

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. குழிக்குள் கல் இறங்கும் வரை, கஸ்பார் சிமெண்ட் பூசி முடிக்கும் வரை, எல்லாரும் வீட்டுக்குத் திரும்பித் தட்டு வாங்கும் வரை திறக்கவில்லை. என் தட்டு நிறைந்தது. ஒரு வாய் எடுத்தேன். தட்டைக் கீழே வைத்தேன்.

"யூடோரா, அவர் மேல தப்பில்ல," என்றேன். "நான் நாளை மாத்திட்டேன். முத்திரை விஷயம் தெரிஞ்சும் மாத்தி எழுதல. அந்த ஜெர்மன்கார அம்மாவுக்கு முடியாதுன்னு சொல்ல மனசு வரல."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஊரே அவனைத் திட்டுச்சே. நானும் திட்டினேனே. நீ பக்கத்துல நின்னு பாட்டுப் பாடின."

"ஆமா."

"சாப்பிடு."

"எறங்கல."

"எறங்கும். எங்கம்மா வீட்டுல யாரும் தட்டை மிச்சம் வச்சதில்ல. என்கிட்ட சொன்னது பாதிதான். மீதியை அவன்கிட்ட சொல்லு." சொல்லிவிட்டு ஒரு கிளாசில் தண்ணீர் பிடித்து, கொஞ்சம் ரம் சேர்த்து, ஜன்னலில் வைத்தாள். அதை யாரையும் தொட விடவில்லை.

ஐந்தரை மணிக்கு ஹில்ஸ்பரோ பஸ் வந்து நின்றது. லாம்பர்ட் இறங்கினார். பின்னால் வெயிலில் சிவந்துபோன அந்தக் குடும்பமும் இறங்கியது. பஸ்ஸில் யாரோ அவர்களிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் நேராக என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஏம்மா, ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? நாங்க சனிக்கிழமையே வந்திருப்போமே. ஆமை எங்க போயிரப் போகுது?"

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்பது நாள் நான் பயந்துகொண்டிருந்த 'முடியாது' என்கிற வார்த்தைக்கு இவ்வளவுதான் விலை.

யூடோரா ஜன்னலிலிருந்த கிளாசை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். அவர் அதை ஏந்திக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். நாங்கள் பின்னால் போனோம். கல்லைச் சுற்றிச் சிமெண்ட் இன்னும் ஈரமாகவே இருந்தது. மண்டியிட்டு ஊற்றினார்.

"யோவ் கேப்டன், நிறுத்துய்யா! சிமெண்ட் கரையுது!" என்று கத்தினார் கஸ்பார்.

"கரையட்டும்," என்றார் லாம்பர்ட். கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். கல்லின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது.

மறுநாள் காலை ஹில்ஸ்பரோ துறையில் அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது போனேன். மண்டியிட முழங்கால் விடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: தேவதை என்ற வார்த்தை, ரப்பர், மாவு பிசைந்த நாள், சத்தமாகப் பாடினது. அவர் கயிற்றை நிறுத்தாமல் சுருட்டினார்.

"முத்திரைன்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும்க்கா, முடியாதுன்னு," என்றார். "பேப்பர் உன் கையில இருந்துச்சு. சுக்கான் என் கையிலதான இருந்துச்சு? சனிக்கெழமையே, திரும்பறோம்னு அவங்ககிட்ட நானும் சொல்லல. கேப்டன் நல்லவர் நல்லவர்னு அந்தச் சின்னப் பொண்ணு கையப் பிடிச்சிட்டே திரிஞ்சா. எனக்கும் அது ருசிச்சுது."

"அதனால என் தப்பு கொறஞ்சிருமா?"

"கொறையாது," என்றார். கயிற்றைக் கீழே போட்டார். "எனக்குப் புள்ள இல்ல. என் கல்லை நனைக்க வரிசையில மொத ஆளு யாருன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நீயே வந்து நில்லு."

அவர் போட்ட கயிற்றை எடுத்து நான் சுருட்ட ஆரம்பித்தேன்.

"ஆனா ஒண்ணு. அன்னைக்கு எவளாவது லெட்டர் போட்டான்னு நாளை மாத்தின, உள்ள இருந்தே அறைவேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இப்போது திட்டம் எழுதும்போது முதல் வரியில் லாம்பர்ட் எங்கே எந்த நாள் இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். அதைப் பென்சிலால் எழுதுவதில்லை, பேனாவால். வருகிறவர்கள் யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை. ஒவ்வொருவரும் 'சரி' என்று எழுதும்போது கொஞ்சம் வலிக்கிறது.

சகல ஆத்துமாக்கள் நாளில் ஊரே கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும். மிஸ் தியோடோசியாவின் கல்லில் அவள் பிள்ளைகள் வைக்கிற மெழுகுவத்திகள் மேலே எரியும். என்னுடையதை ஓரத்தில் அந்தப் பள்ளத்தில் வைப்பேன். காற்று எவ்வளவு அடித்தாலும் அங்கே அணைவதில்லை.